ஆயுசு கம்மியான ரோஸ்

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் மாடி ஹாலில் இனியன் வாட்டர் கலர் வகுப்பு எடுத்தபோது ஜாஹிரா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அதனால் அவன் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

இனியன் அவளைவிட இளையவன். சென்னையில் அனிமேஷன் படங்களுக்குப் பின்னணி வரைவதில் பேர் வாங்கியவன். தாளை நனைத்து வானத்தைப் பரவவிடுவது, அது காய்ந்ததும் மலையை ஒரே இழுப்பில் நிறுத்துவது என்று அவன் செய்துகாட்டியதையெல்லாம் அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். கலர் தேர்ந்தெடுக்கும் பாடம் வந்தபோது அவன் ஒரு ரோஸ் ட்யூபைத் தூக்கிக் காட்டினான்.

"கண்ணைப் பறிக்கும்க்கா, ஆனா ஆயுசு கம்மி. எங்களுக்கு ஸ்கேன் பண்ற வரைக்கும் நின்னா போதும். சுவத்துல மாட்டுற படத்துக்கு இத தொடாதீங்க."

அடுத்த வாரமே தொட்டாள்.

தேரடித் தெருவில் அவள் கணவர் நசீருதீனுக்கு ஃபிரேம் கடை. அதன் பின்னறையில்தான் அவள் வரைவாள். கோயில் குருக்களின் மனைவி அபீதகுஜாம்பாள் மாமி, கனடாவில் இருக்கும் மகள் சாம்பவியைக் கல்யாணக் கோலத்தில் வரைந்து தரச் சொல்லியிருந்தாள். மங்காமல் நிற்கும் சிவப்பைத் தடவிப் பார்த்தாள் ஜாஹிரா. செங்கல் மாதிரி மந்தமாக இருந்தது. ரோஸைத் தொட்டு வைத்தாள், முகம் பேசியது. புடவைக்கும் கன்னத்துக்கும் அதுவே. கொஞ்சம் மஞ்சள் கலந்து நெற்றிக் குங்குமத்துக்கும் அதுவே. மாமி படத்தைப் பார்த்துக் கண் கலங்கியபோது, இனியன் சொன்னது மனசில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

ஒரு வருஷம் கழித்து மாமி அந்தப் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். காலில் கட்டு. ஜாஹிரா துண்டைப் பிரித்தாள். பின்னணியில் வானமும் மலையும் வைத்தது வைத்தபடி இருந்தன. புடவையும் கன்னமும் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. நெற்றியில் குங்குமம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை.

மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். குங்குமம் மங்க ஆரம்பித்த நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு என்னவோ என்று மனசு அடித்துக்கொண்டதாம். யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலை சுற்றினாளாம். சர்க்கரை உடம்பு, போன தடவை பாதத்தில் ஏறிய கல் புண்ணாகி இன்னும் ஆறவில்லை.

"அவர் நன்னாத்தான் இருக்கார்ங்கறா சாம்பவி. என்கிட்ட எதை மறைக்கறாளோ. நீ ஒரு பொட்டு மட்டும் வெச்சுக் குடுடி. மிச்சத்த அண்ணாமலையார் பாத்துப்பார்."

ஒரு பொட்டு. வைத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மாமி நிம்மதியாகப் போவாள். அடுத்த பௌர்ணமிக்கும் நடப்பாள். ஜாஹிராவால் மாமியின் காலைச் சுற்றிய கட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

ஃபிரேமைக் கவிழ்த்து ஆணிகளை நெம்பினாள். கண்ணாடியை எடுத்து, படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை அட்டையை விலக்கினாள். அட்டைக்கு அடியில் வெளிச்சம் படாமல் கிடந்த முந்தானை ஓரம் முதல் நாள் போலவே ஜொலித்தது.

"இது சகுனம் இல்ல மாமி. நான் போட்ட கலரு. வெளிச்சம் பட்டா போயிடும்."

மாமி அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். மாமி நம்பியும் விடுவாள்.

"அப்பவே தெரியும் மாமி. வகுப்புலயே போடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அழகா இருக்கேன்னு போட்டுட்டேன்."

மாமி கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தி வைத்தாள். "அப்போ நான் சுத்தினதெல்லாம்?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டாள். ஜாஹிரா செங்கல் சிவப்பைப் பிழிந்து, மஞ்சள் கறையின் மேல் பொட்டு வைத்தாள். மாமி எட்டிப் பார்த்தாள்.

"மங்கலா இருக்கே."

"மங்கலாத்தான் இருக்கும். ஆனா போகாது."

புடவையையும் மாற்றிப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள் மாமி. பொட்டு காய்ந்ததும் கண்ணாடியை வைத்து ஃபிரேம் மாட்டினாள் ஜாஹிரா. ஆட்டோ வரைக்கும் படத்தைத் தூக்கி வருகிறேன் என்று ஜாஹிரா கை நீட்டினாள். மாமி கொடுக்கவில்லை, தானே மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கடைப்படி இறங்கினாள்.