கண்ணாடியில் தெரியாத இருக்கை

வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாம் பிறக்கும்போதே கையில் சாவிக்கொத்தோடு பிறந்தவர்கள் என்றுதான் டிரைவர் நினைத்திருந்தார். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. பேக்கரிக்குப் பின்னால் இருந்த அறையில் மாதாமாதம் அவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒருத்தர் பாதி ஆயுளை முடி வெட்டியே கழித்தவர். ஒரு அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர். இன்னொருத்தர் தீயணைப்பு வண்டியில் குழாய் பிடித்தவர். கைக்கு வீடு வந்தாலும் பழைய தொழில் அவர்களை விட்டபாடில்லை. டீச்சரம்மா குடிவர வந்தவர்களுக்குப் பரீட்சை வைக்காத குறை. தீயணைப்புக்காரர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வெளியே ஓடுகிற வழியைத்தான் பார்ப்பார்.

புதிதாக வருகிறவர் எழுந்து நின்று, பழைய வேலை தனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். டிரைவர் எழுந்தார்.

"பஸ் ஓட்டினேன்."

"சரி, அது என்ன சொல்லிக் குடுத்துச்சு?"

"ரோட்டைப் பார்க்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பாவம். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த மனுஷன். யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இத்தனை வருஷமும் சக்கரத்தைத் திருப்பியதைத் தவிர வேறென்ன செய்தோம் என்று அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவர் வாங்கத் துணிந்தது ஒரு பழைய மாடிக் கட்டடம். கீழே ஒரு வீடு, மேலே இரண்டு. ஓய்வு பெற்றபோது வந்ததை எல்லாம் முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது. இனி கடைசிவரை அவருக்கும் மனைவிக்கும் சோறு போடப்போவது அந்த வாடகைதான். வங்கியோ ஒரே பிடியாக நின்றது: மூன்று குடித்தனமும் இருந்தால்தான் கடன், ஒருத்தர் காலி செய்தாலும் இல்லை. மூன்று வீட்டிலும்தான் ஆள் இருக்கிறார்களே என்று நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மூன்று குடித்தனமும் கூண்டோடு காலி செய்யப்போவதாகச் செய்தி வந்தது.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அடுத்த தெருவில் இப்படித்தான் ஒருத்தர் தேனாகப் பேசிக் கட்டடத்தை வாங்கினார். வாங்கிய கையோடு இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பினார். கழுத்தைப் பிடித்துத் தள்ளும்வரை நாம் ஏன் இருக்க வேண்டும் என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொல்லிவிட்டார். அந்த அம்மா சொன்னால் மேலே இருந்த இரண்டு வீட்டிலும் மறுபேச்சு கிடையாது.

"நேர்ல போய்ப் பேசுங்க" என்றாள் மனைவி. "போய் மரம் மாதிரி நிக்காதீங்க. உங்க வாய்க்கு மட்டும் எப்பவும் ஹேண்ட்பிரேக் போட்டே இருக்கு."

துணைக்குக் கூட்டத்தில் பார்த்த சலூன்காரர் வந்தார். வாய்க்குப் பஞ்சமில்லாத ஆள். தன் கோட்டையே டிரைவருக்கு மாட்டிவிட்டு, ஒரு பேச்சையும் மனப்பாடம் செய்ய வைத்தார். கோட்டின் கை மணிக்கட்டுவரை எட்டவில்லை. பேச்சும் அப்படித்தான் இருந்தது.

தையல்காரம்மா வாசலை மறித்தபடி நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உள்ளே தையல் மெஷினில் பாதி தைத்த பாவாடை அப்படியே கிடந்தது. மாடிப்படியில், மேலே ஒரு வீட்டில் இருந்த, கைக்கடிகாரம் பழுது பார்க்கிற பெரியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு படி மேலே, மற்றொரு மாடிவீட்டில் இருந்த, தையல்காரம்மாவின் தங்கை மகள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம்தான். துணி வாங்க ஆள் வருவாங்க" என்றார் தையல்காரம்மா.

"அன்பார்ந்த குடித்தனக்காரர்களே" என்று ஆரம்பித்தார் டிரைவர்.

கடிகாரக்காரர் இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு.

"உங்கள் நலனே என் நலன். இந்தக் கட்டடத்தை நான்... நான் என் சொந்த..." இதற்கு மேல் வரவில்லை. சலூன்காரர் பின்னால் நின்று மறுபடி மறுபடி எடுத்துக்கொடுத்தார். அதுவும் காதில் ஏறவில்லை. டிரைவர் மணிக்கட்டைத் தூக்கி மணி பார்த்தார். பத்து நிமிஷம் முடிந்திருந்தது. "டயம் ஆச்சு" என்றார். சட்டென்று திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

பழக்க தோஷம். பஸ்ஸில் நேரம் ஆகிவிட்டால் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கிளம்பியாக வேண்டும். அதற்காகச் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச வந்த இடத்தில், பாதி வாக்கியத்தில் கிளம்புவாரா ஒருத்தர்? உள்ளதும் போச்சே என்று சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நில்லுங்க" என்றது தையல்காரம்மாவின் குரல்.

டிரைவர் நின்றார்.

"திரும்பாதீங்க. அப்படியே நில்லுங்க." அவர் படியிறங்கி வருகிற சத்தம் கேட்டது. "இடது காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம். உச்சியில ரெட்டைச் சுழி. முடிதான் கொஞ்சம் கொட்டிப்போச்சு." குரல் தழைந்தது. "நீங்க ஆஸ்பத்திரி பஸ் ஓட்டினவரா?"

"ஆமாம்மா. ஆஸ்பத்திரி வழியா போற வண்டி. என்னை எப்படி...?"

"முகம் எங்கே தெரியும்? ஒரு மழைக்காலம் முழுக்க இந்தப் பின்தலையைத்தானே பார்த்துட்டு வந்தேன்!"

சலூன்காரர் தொழில் மறக்காமல் எட்டிப் பார்த்து, "ஆமா, மச்சம் இருக்கு" என்று டாக்டர் மாதிரி உறுதி செய்தார்.

தையல்காரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவரைத் திரும்பச் சொன்னார். பிறகு அவர் பேசியது டிரைவருக்கு மட்டும் பேசியது போல இருந்தது.

"என் தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடந்தா. அவ முன்னாடி அழ முடியாது. பயந்துடுவா. வீட்டுக்கு வந்தா அவ பிள்ளைங்க ரெண்டும் வாசல்லயே நிக்கும். அதுங்க முன்னாடியும் அழ முடியாது. நடுவுல எனக்குன்னு இருந்தது உங்க பஸ்தான். உங்களுக்கு நேர் பின்னாடி இருக்கிற சீட்டு. ஏறினதும் அழ ஆரம்பிப்பேன், இறங்கற வரைக்கும் அழுவேன். ஒரு நாள்கூட நீங்க திரும்பிப் பார்க்கல. என் ஸ்டாப்புக்கு முன்னாடி ஒரு திருப்பம் வரும். அங்க மட்டும் வண்டியை அப்படி மெதுவாக்குவீங்க. நான் முகத்தைத் துடைச்சுக்கட்டும்னுதானே?"

சலூன்காரர் டிரைவரின் விலாவில் இடித்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்தாகிவிட்டது. முன்பணம், வங்கிக்கடன், மனைவியின் மீதிக் காலம், எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. டிரைவருக்கு அது தெரியாமல் இல்லை. தலையை ஆட்டிவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாகவும் இருந்தது.

"இல்லம்மா" என்றார். "அந்த இடத்துல ஒரு பெரிய பள்ளம். வண்டி அடிவாங்கும்னு மெதுவாப் போவேன். நீங்க அழுததே எனக்குத் தெரியாது. அந்த சீட்டு என் கண்ணாடியில விழாது. மன்னிச்சுக்கங்க."

சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டடம் போயே போச்சு என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தையல்காரம்மா டிரைவரையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு சிரிப்பு வந்ததோ, கழுத்து நாடா சரிந்து கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். "பள்ளமா! அடக் கடவுளே. இத்தனை வருஷமா ஒரு பள்ளத்துக்கா நான் நன்றி சொல்லிட்டு இருந்தேன்?"

"பெரிய பள்ளம்மா அது" என்றார் டிரைவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். கடிகாரக்காரருக்கு இந்த முறை நிஜமாகவே புரையேறியது.

சிரித்து ஓய்ந்ததும் தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வீட்டைப் பார்க்க வந்தவங்க எல்லாரும் நான் எதைக் கேட்டாலும் ஆமான்னாங்க. கூரையைச் சரி பண்ணுவீங்களா? ஆமா. வாடகையை ஏத்த மாட்டீங்களே? ஆமா. இல்லைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். நாங்க யாரும் எங்கேயும் போகல. வங்கியில போய்ச் சொல்லுங்க." அண்ணாந்து பார்த்து, "என்ன, சரிதானே?" என்றார். கடிகாரக்காரர் கையைத் தூக்கி ஆமோதித்தார்.

டிரைவர் கையைக் கூப்பினார். சொல்ல எவ்வளவோ இருந்தது. முப்பது வருஷத்தையும் வீண் என்று நினைத்திருந்தவரிடம் ஒரு அம்மா, அதில் ஒரு மழைக்காலம் எனக்கு உதவியது என்று சொல்லிவிட்டார். அவருக்கே தெரியாமல் அவருடைய முதுகு ஒரு பெண்ணுக்கு மறைப்பாக நின்றிருக்கிறது. இந்தக் கட்டடம் கைக்கு வராமலே போயிருந்தாலும், இதைக் கேட்டதற்காகவே வந்தது தகும் என்று அவருக்குத் தோன்றியது. "ரொம்ப நன்றிம்மா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

அப்போதுதான் மேலே நின்ற தங்கை மகள் இறங்கி வந்தாள். குழந்தையைக் கடிகாரக்காரரின் கையில் கொடுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பெரியம்மா, அப்ப நீங்க அழுதீங்களா?"

தையல்காரம்மா கீழே விழுந்து கிடந்த நாடாவை எடுத்துச் சுருட்டினார்.

"தினம் சிரிச்சுக்கிட்டேதானே வருவீங்க? அம்மா போன அன்னைக்குக்கூட எங்களுக்கு ஊட்டிவிட்டு, தலை பின்னிவிட்டு... எங்கம்மாவுக்காக இவங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேன்னு நான்..." அவளுக்குக் குரல் உடைந்தது. "இந்த நிமிஷம் வரைக்கும் அதை மனசுல வெச்சுக்கிட்டேதான் பெரியம்மா உங்ககிட்ட இருந்தேன்."

"சின்னப் பிள்ளைங்கடி நீங்க" என்றார் தையல்காரம்மா. "நானும் அழுதா நீங்க யாரைப் பார்ப்பீங்க?"

அவள் படியில் மண்டியிட்டுப் பெரியம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். தையல்காரம்மாவின் கை அவள் தலையைத் தடவியது. அவ்வளவு நேரம் நிமிர்ந்தே இருந்த அந்த அம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

சலூன்காரர் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். டிரைவர் அவர் தோளைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினார். தானும் திரும்பி, இரண்டு பெண்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை அடைத்தாற்போல நின்றார். துணி வாங்க வந்த பெண் ஒருத்தி எதிரே வந்தாள். கொஞ்சம் பொறுங்கம்மா என்று கையால் சைகை காட்டினார். அழுகைச் சத்தம் ஓயும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.