ரன்னுக்கு இருநூற்றுப் பதினேழு அட்டைகள்

1

இதில் வருவதெல்லாம் சத்தியம். ஒரு வரி பொய்யென்றாலும் என் பேனா மை காய்ந்து போகட்டும். (பென்சிலில்தான் எழுதுகிறேன்.) நான் மழைக்கு ஒதுங்கிய ஓர் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் கிடைத்த கதை.

2

'ரன் என்னும் சின்னஞ்சிறு ஆங்கிலச் சொல்லின் முன் தனித்து நின்ற அந்த மாமனிதர்...' வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

அங்கே ஆளுக்கொரு சொல் கொடுப்பார்கள். பூனை கிடைத்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார். நம்மவருக்கு ரன். ஆள் ஓடினால் ரன், மூக்கு ஒழுகினால் ரன், துணி சாயம் விட்டால் ரன், கடை நடத்தினால் ரன். தேர்தலில் நின்றாலும் ரன்தான். பத்தொன்பது வருஷம் போயிற்று.

ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஓர் அட்டை. அதில் யாராவது நிஜமாகப் பேசிய தமிழ் வாக்கியம், பேசியவர் யார், தேதி. சொந்தச் சரக்கை எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும்.

3

ஓய்வுபெற ஒரு வாரம் இருக்கையில் பதிப்பாசிரியர் அட்டைகளைப் புரட்டினார்.

"என்னய்யா இது, இருநூத்திப் பதினேழுலயும் பேசினவர் 'என் மனைவி'ன்னு இருக்கு?"

"வீட்ல அவதான் சார் பேசுவா."

"'குழாய் ஒழுகுது, நீங்க பேப்பர் படிங்க.' 'மூக்கு ஒழுகுறப்போதான் என் ஞாபகம் வரும்.' இதெல்லாம் நிஜமா சொன்னதா?"

"வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான் சார்."

"நாளைக்கு உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க ஆமான்னா அச்சுக்குப் போகும். இல்லேன்னா உங்க பத்தொன்பது வருஷமும் குப்பைக்குத்தான்."

4

(மனைவியை முதல் பிரதியில் அழவைத்தேன், ஒட்டவில்லை. இரண்டாவதில் மயங்கி விழுந்தார். அது அவர் சுபாவமே இல்லை.)

வந்தார். குடையை மடக்கினார். நின்றபடியே அத்தனையும் படித்தார்.

"எல்லாம் நான் சொன்னதுதான். இந்த ஒண்ணைத் தவிர." கடைசி அட்டையை உருவினார். "'நீங்க இல்லாம இந்த வீட்டை என்னால நடத்த முடியாது.' இதை நான் எப்ப சொன்னேன்?"

நம்மவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுவேன்னு காத்திருந்தேன். அதான் தேதி போடலை."

பதிப்பாசிரியர் பேனாவை நீட்டினார். அட்டை மனைவி கையில்.

5

மனைவி தேதி போட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். கிழித்தார் என்று இன்னொன்று. இரண்டையும் படித்துப் பார்த்து... உங்களுக்குப் பிடிக்காததை நீங்களே அடித்துவிடுங்கள். பென்சில்தான், அழியும்.

பணிப் பதிவேட்டில் நம்மவர் பெயருக்கு எதிரே 'மணமாகாதவர்' என்று இருக்கிறது.