மத்தியானப் பாடு

ஐஸ் பார் ஒன்று நூற்றிருபது ரூபாய்க்கு ஏறிய கோடையில், தோணிரேவு குப்பத்துக் கோவிந்தம்மாவின் மகள் செவ்வந்தியின் நிழல் ஐஸைப் போலச் சில்லிட்டிருப்பது தெரியவந்தது. அவளுக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்திருந்தது. கோவிந்தம்மாவுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. உப்பு ஏரியின் முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறியில் போடுகிற பதினொரு பெண்களில் அவளும் ஒருத்தி. வாயில் பறி இருப்பதால் ஏரிக்குள் அவர்கள் பேசுவதில்லை. கரை ஏறியதும் மொத்தத்துக்கும் சேர்த்துப் பேசுவார்கள். ஏஜென்ட் அந்தோணிசாமியின் வேன் மூன்று மணிக்குத்தான் வரும். அதற்குள் இறாலின் தலை கறுத்துவிடும். கறுத்ததைப் பாதி விலைக்கு எடுப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். அன்று செவ்வந்தி அம்மாவின் குண்டானுக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். மூன்று மணிக்கு அவள் நிழலில் இருந்த இறால் மட்டும் விறைப்பாக, கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தோணிசாமி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முழு விலை போட்டார். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. வியாபாரத்தில் அவர் காரணம் கேட்கிறவர் இல்லை.

மறுநாளே செவ்வந்தி கடை போட்டாள். குண்டானுக்கு மூன்று ரூபாய். தொழிலின் முதல் கஷ்டம் அன்றைக்கே புரிந்தது: காலையில் யாருக்கும் வேண்டாதபோது நிழல் பனைமர நீளத்துக்குக் கிடக்கும். எல்லோரும் கரை ஏறுகிற உச்சிவேளையில் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அப்போது ஒரு குண்டானுக்குத்தான் இடம். பாவாடையை விரித்துப் பிடித்தாள், அரைக் குண்டான் கூடியது. குடை பிடித்துப் பார்த்தாள். குடையின் நிழல் குடையுடையது, ஊர் வெயில் அளவுக்குச் சூடாகவே இருந்தது. இரண்டாவது கஷ்டம், நகர முடியாது. ஒருமுறை குச்சி ஐஸ்காரன் மணி அடித்தான் என்று ஓடிவிட்டுத் திரும்பியபோது கஸ்தூரியம்மாளின் குண்டான் வெயிலில் வெந்துகிடந்தது. கஸ்தூரியம்மாள் பதினொரு பேரில் மூத்தவள், வாய் பெரியவள். "கட தொறந்தவ கல்லு மாதிரி குந்தணும்டி. காலு அரிக்குதுன்னா ஸ்கூலுக்குப் போ" என்றாள். செவ்வந்தி அதற்குப் பிறகு நகரவில்லை.

மே மாதம் அந்தோணிசாமி ஒரு சிவப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சீசன் முடியிற வரிக்கும் நெழலு மொத்தமும் எனக்கு. சைக்கிள் உனக்கு. சரியாம்மா?" செவ்வந்தி மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

ஏரியில் பிறந்த பிள்ளை செய்யக்கூடாத தப்பு அது. அங்கே வலை போடும் இடங்களை ஆண்கள் சீட்டு எடுத்து, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. எந்த இடத்தையும் எவரும் மொத்தமாக வாங்க முடியாது. ஆனால் கையால் துழாவுகிற பெண்களுக்குப் பாடு முறையில் பெயர் கிடையாது. அதனால் செவ்வந்தியின் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

ஆறு நாள் அவள் அந்தோணிசாமியின் தெர்மாகோல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். பத்தடி தள்ளி அம்மாவின் இறால் கறுத்தது. ஏரிக்குள்ளிருந்து கோவிந்தம்மா தலையைத் தூக்கி மகளை ஒருமுறை பார்த்தாள். வாயில் பறி இருந்தது. ஏழாம் நாள் சாயங்காலம் செவ்வந்தி சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனாள், நிழல் அவளோடு போகவில்லை. பெட்டிகளின் மேலேயே கிடந்தது.

நிழல் இல்லாமல் இருப்பது வலிக்காது. ஆனால் வெயில் ஒரு பக்கமாக விழாமல் உடம்பைச் சுற்றி வந்து அடித்தது. உள்ளங்கால் கொப்பளித்தது. ஆள் இல்லாத நிழலும் நாளாக நாளாகச் சூடு ஏறி, மூன்றாம் நாள் வெந்நீர் ஒத்தடம் போல ஆகிவிட்டது. அந்தோணிசாமியின் நாற்பது கிலோ நாசமானது. "எடுத்துக்கினு போ தாயி, எனக்கு வேணாம்" என்றார். சைக்கிளைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அவளாகவே கொண்டுபோய் அவர் வேனில் சாய்த்துவிட்டு வந்தாள். நிழலைத்தான் தூக்க முடியவில்லை. விளிம்பில் நகத்தை விட்டுப் பார்த்தாள், மணல்தான் வந்தது.

கஸ்தூரியம்மாள் பறியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "ஏரியவே எவனும் மொத்தமா வாங்க முடியாது. நீ இன்னாடி, உன் நெழல மொத்தமா வித்துட்டு நிக்கிற?"

"தெரியலக்கா."

"தெரியாது. நமக்கு எவன் பாடு குடுத்தான், உனக்குத் தெரியறதுக்கு? இன்னிக்கு நாமளே போட்டுக்கலாம். சிப்பி பொறுக்கிக்கினு வா."

பதினொரு சிப்பி. ஒவ்வொன்றிலும் ஒருத்தியின் அடையாளம் கரியால். ஒரு குண்டானில் போட்டுக் குலுக்கி, செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். முதல் சிப்பி மேரியுடையது. மேரியின் பெயரைச் சொன்னதும் நிழல் பெட்டிகளிலிருந்து இறங்கி, மணலில் ஊர்ந்து வந்து, செவ்வந்தியின் காலில் ஒட்டிக்கொண்டு மேரியின் குண்டான் மேல் விழுந்தது. மேரி அதைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு கீதுக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானத்துக்கு நாளுக்கு ஒருத்தி என்ற அந்த வரிசையில் கோவிந்தம்மாவின் சிப்பி கடைசியாக வந்தது. அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அம்மாவின் இறால் கண்ணெதிரே தலை கறுத்துக்கொண்டிருந்தது. பாவாடையைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தால் போதும், பாதியாவது தப்பும். செவ்வந்தியின் விரல் பாவாடை ஓரம்வரை போனது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மணிவரை நின்றாள். கறுத்த இறாலைக் கோவிந்தம்மா வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைத்தாள். மகள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"துன்னுடி. கொழம்பு நல்லாத்தான் கீது."

"யம்மா, நாளைக்கு..."

"நாளைக்கு யாரு பாடோ, அவளுக்கு வையி."

அதற்குப் பிறகு பன்னிரண்டு கோடை போயிற்று. அந்தோணிசாமி மகளுக்குச் சிவப்பு சைக்கிள் சின்னதாகிவிட்டது. செவ்வந்தி பொன்னேரியில் பி.காம். படித்தாள், நிழலுக்காக மத்தியான வகுப்புகளுக்குப் போகவில்லை, இரண்டு அரியர் வைத்து எழுதி முடித்தாள். மீன்துறை அதிகாரிகள் இருவர் வந்து நிழலில் தெர்மாமீட்டர் வைத்து நான்கு டிகிரி என்று குறித்துக்கொண்டார்கள். எந்தப் படிவத்திலும் நிழலுக்குக் கட்டம் இல்லாததால் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், சிப்பி முப்பத்தாறு ஆகிவிட்டது. ஆண்களின் பாடு முறையில் அவர்களுக்கு இன்னும் பெயர் இல்லை. ஆனால் போன மாதம் வலைக்காரர்கள் இருவர் வந்து, தங்கள் நண்டுக்கும் ஒரு சிப்பி போடச் சொல்லித் தலையைச் சொறிந்தார்கள். வரிசையில் கடைசியில் நிற்கச் சொல்லியிருக்கிறது.

ஐஸ் பார் இப்போது இருநூற்றைம்பது. நிழல் குண்டானுக்கு ஐந்து, செவ்வந்தி நகரமாட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானப் பாடு கோவிந்தம்மாவுக்கு விழுந்திருக்கிறது.