மேஸ்திரியின் ஊதாப் புள்ளிகள்

"தாத்தா, அது சாயம் இல்ல. ரத்தக்குழாய்" என்று தோல் டாக்டரம்மா மறுபடியும் கத்தினார். அவருடைய அறைக்கும் நாங்கள் காத்திருந்த கூடத்துக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்புதான். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே நாம் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். குதிகால் வெடிப்பைக் காட்டப் போயிருந்த நான், காதைக் கழற்றி அந்தப் பலகையில் ஆணி அடித்து மாட்டாத குறையாக உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பதில் சொன்ன கரகரப்பு எனக்குத் தெரியும். என் வாலிபத்தைப் பாழாக்கிய குரல் அது.

"வயசானா விதைப்பையில இந்த மாதிரி ஊதாவா, சிவப்பா புள்ளி வர்றது சகஜம். ஆபத்து இல்ல, யாருக்கும் ஒட்டாது. நீங்க என்னத்தைப் போட்டு இப்படிப் புண்ணாக்கினீங்க?"

"பிளீச்சிங் பவுடர்மா."

டாக்டரம்மாவின் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது.

"ஆயுசு பூரா சாயத் தொட்டியில நின்னவன். உள்ள ஊறினது இப்பத்தான் மேல வருதாக்கும்னு நினைச்சேன். வெளுத்துடலாம்னு பார்த்தேன்."

நான் அந்தக் கணமே சொர்க்கத்துக்குப் போய், அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன்.

உள்ளே இருந்தவர் எங்கள் சாயப்பட்டறையின் மேஸ்திரி. ஷிப்டு முடிந்ததும் நாங்கள் எல்லோரும் நீளமான ஒரே குழாயின் கீழே, பிறந்த மேனிக்கு வரிசையாக நின்று குளிப்போம். சாயம் உடம்பில் தங்கினால் தோல் வெந்துவிடும் என்பதால், மேஸ்திரி ஒவ்வொருவராக டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் துண்டு கட்டலாம். நான் சேர்ந்த புதிதில் அந்த டார்ச் வெளிச்சம் என் மேல் வந்து ஓரிடத்தில் நின்றது. குறியின் மொட்டைச் சுற்றி, தோல் நிறத்திலேயே, கடுகைவிடச் சின்னதாக வரிசையாகச் சில மணிகள். எனக்கு வயசுக்கு வந்ததிலிருந்தே இருப்பவைதான். மேஸ்திரி அப்போது எழுப்பிய குரலில் பக்கத்துப் பட்டறைக்காரன்கூட வேலையை நிறுத்தியிருப்பான்.

"டேய், இவன் முத்துமாலை போட்டிருக்கான்டா. தள்ளி நில்லுங்க, ஒட்டிக்கும்."

அன்றிலிருந்து என்னைக் கழிவறைப் பக்கத்துக் குழாய்க்குத் தள்ளினார்கள். கைக்கறை போக்கும் சோடா சோப்பை எடுத்து நானும் அங்கே தேய்த்தேன், தேய்த்தேன், வாத்து நடை நடக்கும்வரை தேய்த்தேன். கடைசியில் ஒரு வயதான டாக்டர்தான் திட்டித் தீர்த்தார். அது அழுக்கும் இல்லை, நோயும் இல்லை. நிறைய ஆண்களுக்கு உள்ள அமைப்பு, அதை விட்டுவிடு என்றார். தோலை மெதுவாகப் பின்னுக்கு விலக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசு, ஒற்றித் துடை, தோலை முன்னுக்கு விடு, சோப்பு வேண்டாம், சுரண்டவே வேண்டாம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார். ஒரு மாதத்தில் புண் ஆறிவிட்டது. ஓடிப்போய் மேஸ்திரியிடம் சொன்னேன். "டாக்டருக்குச் சாயத்தைப் பத்தி என்னடா தெரியும், முத்துமாலை" என்றார்.

பெயர் ஆறவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ அந்தப் பெயரைச் சொல்ல, என் மாமனார் நகைக்கடைப் பரம்பரை என்று நினைத்து இன்னொரு இனிப்பு வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு விஷயம் தெரிந்த என் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம், மேஸ்திரி எங்கள் தெருவில் போனால் வாசலுக்கு வந்து காறித் துப்புவதை ஒரு நித்தியக் கடமையாக வைத்துக்கொண்டாள். பணி ஓய்வுக்குப் பிறகும் விடியவில்லை. சாயங்காலம் பூங்கா பெஞ்சில் பழைய பட்டறைக்காரர்கள் கூடுவோம். அங்கேயும் மேஸ்திரிதான் தலைவர், அங்கேயும் நான் முத்துமாலைதான். போன மாதம் என் மருமகன் முன்னாலேயே கூப்பிட்டார். மருமகன் வீடு வரும்வரை என்னைவிட்டு இரண்டடி தள்ளியே நடந்தார்.

கதவு திறந்தது. மேஸ்திரி கால்களை அகட்டி அகட்டி வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் சுவரோடு சுவராக நின்றார்.

"எப்ப வந்தே?"

"ஊதாவுக்கு முன்னாடியே."

பக்கத்து நாற்காலியில் உட்கார முயன்று, வலியில் பாதியிலேயே எழுந்துகொண்டார். "பசங்ககிட்ட சொல்லிடாதடா. உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"கால்ல வெடிப்பு, மேஸ்திரி. வேற ஒண்ணு செய்யுங்க. பெஞ்சுல எல்லார் முன்னாடியும் எனக்கு எந்த நோயும் இல்ல, நீங்க கட்டிவிட்ட கதைன்னு உங்க வாயால சொல்லுங்க."

"அதுக்கு நான் செத்துடலாம்."

"சாகிற வியாதி இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே. அப்ப நான் சொல்லிக்கிறேன், உங்க வெளுப்பு வேலையை."

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல. பெஞ்சில் நான் தொண்டையைச் செருமினால் மேஸ்திரிக்கு வியர்த்தது. "நம்ம டாக்டரம்மா இருக்காங்களே" என்று ஆரம்பித்துவிட்டு, வானத்தைப் பார்த்து, "மழை வரும்போலிருக்கு" என்று முடிப்பேன். முத்துமாலை என்ற சொல் அவர் வாயிலிருந்து காணாமல் போனது. என்னைத் 'தம்பி' என்றார். தேநீர்கூட அவரே வாங்கி வந்து, ஊதிக் கொடுத்தார். பாவமாக இல்லையா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். "எனக்கும்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் அவளும் பூங்காவுக்கு வந்தாள். வாசலில் துப்புகிறவள் பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவளைப் பார்த்ததும் மேஸ்திரி பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. இவனுக்கு அப்பவும் ஒண்ணும் இல்ல, இப்பவும் ஒண்ணும் இல்ல. அது இயற்கை அமைப்பு. யாருக்கும் ஒட்டாது. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசி இவனை ஒதுக்கி வச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. பட்டறையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"இத்தனை வருஷம் கழிச்சு உனக்கு இதை யாரு சொன்னா, மேஸ்திரி?" என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஆவி ஊதி, வேட்டி நுனியில் ஒரு பக்கத்தைத் துடைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் மறுபக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். பூங்கா விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. மேஸ்திரி இன்னும் உட்காரவில்லை.