முந்தி வரும் எதிரொலி

எங்கள் கொடிமலையில் எதிரொலி முதலில் வரும். கூப்பிடுவது பிறகு. எதிரொலி யார் குரலில் வருகிறதோ, அவர் அதே சொற்களைப் பொழுது சாய்வதற்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் குரல் மலையிலேயே தங்கிவிடும். போன வருஷம் டீக்கடை அந்தோணி “போதும்” என்று சொல்ல மறந்து இறங்கிவிட்டார். இப்போது டீ ஆற்றும் சத்தத்தை வைத்துத்தான் பேசுகிறார். நன்றாகவே புரிகிறது.

மாசிக் கடைசியில் புங்க மரங்கள் துளிர்விடும்போது எங்கள் நடைக்குழு மலையேறும். முன்னால் விசிலோடு பி.டி. வாத்தியார் தங்கரெத்தினம். அவருக்குப் பின்னால் சூசை பெரியப்பா. கடைசியில் அவருடைய தங்கச்சி சவரி அத்தை. அத்தை மகள் கல்யாணத்தில் பிரியாணியில் உப்பில்லை என்று பெரியப்பா சொன்னதிலிருந்து அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் நான்தான் கொண்டுபோவேன், அவரவர் குரலிலேயே. எனக்கு எல்லார் குரலும் வரும். வாத்தியாரின் விசில்கூட வரும். காலையில் அதை ஊதி மொத்தக் குழுவையும் இரண்டு தடவை உட்கார வைத்தேன்.

“அந்த ஆளை மெதுவா நடக்கச் சொல்லு. பந்திக்கா ஓடுறாரு?” என்றாள் அத்தை.

ஓடிப்போய் அத்தை குரலில் சொன்னேன்.

“பந்திக்கு ஓடி மட்டும் என்னத்தக் கண்டோம்னு கேளு” என்றார் பெரியப்பா.

இப்படிப் போய்வந்ததில் எல்லாரையும்விட இரண்டு மடங்கு மலையை நான் பார்த்தேன். பார்க்கத் தகுந்த மலை. புங்கந்தளிர் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. சரிவு முழுக்க காட்டுமாம்பூ வாசம். உச்சிக்குக் கீழே ஒற்றை இலவமரம், ஒரு இலைகூட இல்லாமல், உடம்பெல்லாம் சிவப்புப் பூ. அதன் அடியில் போகும்போதுதான் எதிரொலி வந்தது.

“அண்ணே, தண்ணி குடிச்சியா?”

சவரி அத்தையின் குரல். பேசி முடிக்கும்போது அத்தை லேசாக மூச்சை இழுப்பாள். அதுவும் இருந்தது. எனக்கு அது மட்டும் இன்றுவரை வந்ததில்லை. மலைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

விழுந்துகொண்டிருந்த இலவம்பூக்கள் அந்தரத்தில் நின்றன. ஒன்று பெரியப்பாவின் மூக்குக்கு நேரே நின்றது. அவர் திரும்பவில்லை. அத்தை பாறையில் உட்கார்ந்து வாயை இறுக்கிக்கொண்டாள்.

“சொல்லிடும்மா. அப்புறம் ஜாடைதான்” என்றார் வாத்தியார்.

மாட்டேன் என்று அத்தை தலையை ஆட்டினாள். நிழல்கள் நீண்டன. அத்தை குரலில்லாமல் வீட்டுக்குப் போவதை என்னால் நினைக்க முடியவில்லை. அவள் குரலை எடுத்து, “அண்ணே, தண்ணி குடிச்சியா?” என்றேன். பூக்கள் ஒரு சாண் இறங்கின. மலை யோசித்தது. பூக்கள் திரும்ப நின்றுவிட்டன.

“டேய், அது நீ” என்றார் பெரியப்பா, திரும்பாமலே. “அந்தம்மாகிட்டச் சொல்லு, எனக்குத் தாகமில்லைன்னு.”

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

“காலையிலேர்ந்து ஒரு மடக்குக் குடிக்கல, தாகமில்லையாம். நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேச்சே குழறுது. அண்ணே, தண்ணி குடிச்சியா?”

பூக்கள் எல்லாம் தொப்பென்று விழுந்தன.

“கொடுத்தாத்தானே குடிக்கிறது” என்றார் பெரியப்பா.

அத்தை பாட்டிலை நீட்டினாள். அவர் அண்ணாந்து, பாதியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

“தண்ணியில உப்பில்ல.”

அத்தை பாட்டில் மூடியை அவர்மேல் எறிந்தாள். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கல்யாணத்துக்கு யார் யார் மொய் எழுதாமல் சாப்பிட்டார்கள் என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் பேசினார்கள். நடுவில் எனக்கு வேலை இருக்கவில்லை.

அடுத்த வளைவில் இன்னொரு எதிரொலி வந்தது.

“நானும் வரேன், இருங்க.”

யாரும் கேட்டிராத குரல். கொஞ்சம் கீச்சென்று, நடுவில் உடைந்த குரல். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் குரலில் சொன்னேன். பெரியப்பா குரலில் சொன்னேன். அத்தை குரலில், அந்தோணியின் பழைய குரலில், கடைசியில் விசிலிலும் சொன்னேன். அந்தரத்தில் நின்ற காட்டுமாம்பூ ஒன்றுகூட அசையவில்லை.

“உன் குரலை எங்கயாவது வச்சிருப்ப. நிதானமாத் தேடு” என்று அத்தை புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மலைவிளிம்புவரை போயிருந்த சூரியன் திரும்பி வந்து எங்களோடு பாறையில் உட்கார்ந்தது. அத்தை அதற்கும் ஒரு இலை போட்டாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று பெரியப்பா அதனிடம் கேட்டார்.