பதினாறு பல்லும் இருபத்திரண்டு பல்லும்

இப்பல்லாம் யாரும் சொந்தக் காலை நம்புறதில்லை. மேடுன்னா பேட்டரி, பள்ளம்னாலும் பேட்டரி. கடைக்காரங்களும் அப்படித்தான். ஒரு திருகாணி கேட்டுப் போனா புது சைக்கிளையே தலையில கட்டப் பார்க்கிறாங்க.

என் சைக்கிள் என் மக இளமதிக்கு ரெண்டு வயசு மூத்தது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல காய்கறி வாங்கி, தெலுக் பிளாங்கா மேட்டு உச்சியில இருக்கிற அடுக்குமாடி வீட்டுக்கு அதுலதான் வருவேன். போன வாரம் பாதி மேட்டுல மூச்சு முட்டிப்போய் இறங்கித் தள்ளினேன். மாடிக் காரிடார்ல நின்ன இளமதி பார்த்துட்டா.

"ஞாயித்துக்கிழமை இங்கேயே நின்னு பார்ப்பேன். ஒரு கால் தரையில பட்டாலும் சைக்கிள் காரங்குனிக்காரருக்குத்தான்"னா. பழைய சாமான் எடுக்கிற அந்த ஆளு மறுநாளே வந்து சீட்டைத் தடவிப் பார்த்துட்டுப் போனான்.

முதல்ல போன கடையில, "ஏழு கியர் போடணும், அதுக்குப் பின்சக்கரத்தையே மாத்தணும்"னான். வந்துட்டேன். லிட்டில் இந்தியா சந்துல ருக்ஸானான்னு ஒரு பொண்ணு சைக்கிள் கடை வச்சிருக்கு. எந்த மேடு, எவ்வளவு சுமைன்னு அதுதான் கேட்டுச்சு. கேட்டா நம்பிடணுமா?

"முன்னாடி பல்சக்கரத்துல நாப்பத்திநாலு பல்லு, அப்படியே இருக்கட்டும். பின்னாடி பதினாறைக் கழட்டிட்டு இருபத்திரண்டு போடுவோம் அங்கிள்."

"ஏறலைன்னு வந்தா இன்னும் பெருசா மாட்டுறியே! பெருசைச் சுத்த அதிக பலம் வேணாமா? சின்னதாக் குடும்மா."

"முன்னாடி பெருசானா கஷ்டம். பின்னாடி பெருசானா சுலபம் லா."

"முன்னாடிக்கு ஒரு நியாயம், பின்னாடிக்கு ஒரு நியாயமா?"

ருக்ஸானா சைக்கிளைத் தூக்கி மாட்டி, பின் டயர்ல சிவப்புத் துணி ஒண்ணைக் கட்டி, பெடலை ஒரே ஒரு சுத்து சுத்தச் சொன்னுச்சு. துணி கிட்டத்தட்ட மூணு தடவை வந்துச்சு. புதுசை மாட்டினதும் சுத்தினேன். ரெண்டே தடவை.

"காசும் கொடுத்து ஒரு சுத்தையும் இழக்கணுமா?"

"அந்தச் சுத்துதான் அங்கிள் மேட்டுல உங்க உயிரை வாங்குது. ஆனா சமதளத்துல கால் நிறைய சுத்தும், வண்டி மெதுவாத்தான் போகும். யாராச்சும் முந்தினா கோவப்படாதீங்க."

செயினுக்கும் கொஞ்சம் கண்ணி சேர்க்கணும்னுச்சு. காசு கறக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைச்சேன். சாக்பீஸ் வாங்கி ஒவ்வொரு பல்லா கோடு போட்டு எண்ணினேன். இருபத்திரண்டு. திருப்பி எண்ணினாலும் அதேதான்.

ஞாயித்துக்கிழமை பரங்கிக்காயும் முருங்கைக்காயுமா கூடை நிறைய வந்தேன். சமரோட்டுல கால் தையல் மெஷின் மாதிரி ஓடுது, வண்டி நகரலை. மடக்கு சைக்கிள்ல வந்த ஒரு சீனக் கிழவி மணியடிச்சுட்டு முந்திப் போனா. மானம் போச்சு.

மேடு வந்துச்சு. மிதிச்சேன். போகுது. ரோட்டோரத்துல ஒரு மைனா தத்தித் தத்தி என்கூடவே வந்து, சலிச்சுப் போய் என்னை முந்திடுச்சு. போன வாரம் இறங்கின விளக்குக் கம்பம் தாண்டுச்சு. கடைசித் திருப்பத்துல ஹாண்டில் ஆடுச்சு, கால் தானா தரைக்கு இறங்கப் பார்த்துச்சு.

மேலேர்ந்து ஒரே கத்தல்: "அப்பா! காலை ஊனாதீங்கப்பா! மிதிங்க, மிதிங்க!"

சைக்கிளை விக்கணும்னு நின்னவதான். அக்கம்பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்துடுச்சு.

பிளாக் வாசல்லதான் இறங்கினேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். ருக்ஸானா சிரிச்சுக்கிட்டே, "ஏறிட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"ஏறினேன். நேத்து பின்காத்து. காலையில நாலு தோசை வேற. என் பழைய பல்சக்கரத்தைக் குடு."

"அதை வச்சு என்ன செய்வீங்க?"

"இருக்கட்டும். நாளைக்குக் கடைக்காரங்க நீங்கல்லாம் என்ன சொல்வீங்களோ, யாரு கண்டா?"

பதினாறு பல்லையும் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில போட்டேன். சமரோட்டுல அந்தத் தையல் மெஷினை எவன் மிதிப்பான்னு சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்தேன்.