சிவப்புத் துண்டு

தான் எழுதிய திட்ட அறிக்கையைத் தானே நம்பியதுதான் விஜயராணி செய்த தப்பு. 'பகைத்து நிற்கும் இரண்டு தெருக்களைக் கலை ஒரே மேடையில் சேர்க்கும்' என்று எழுதியிருந்தாள். படித்தவர்கள் உச்சி குளிர்ந்து நிதி ஒதுக்கினார்கள். எழுதுகிற கைக்கென்ன, அதன்மேல் அடியா விழப்போகிறது?

பாகூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். புதுச்சேரியில் ஒரு நாடகக் குழுவில் பத்து மாதமாகத் தயாரிப்பாளர் பயிற்சி. கதையைத் தேர்ந்தெடுப்பது, இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, நடிகர்களைச் சேர்ப்பது எல்லாம் அவள் தலையில். சொந்த ஊரில் ஒரு நாடகத்தை நடத்திக் காட்டினால் குழுவிலேயே வேலை. இல்லாவிட்டால் பழையபடி திருவாண்டார்கோயில் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான்.

நாடகத்தில் இரண்டு பேருக்குத் தடிச்சண்டை. ஒருவன் அவள் அண்ணன் ஜெயசீலன். இன்னொருவன் ஊர்த்தெருக் கரும்புக்காரர் மகன் புகழ்வேந்தன். போன தை மாதம் டிராக்டருக்கு வழிவிடவில்லை என்று சாதியைச் சொல்லித் திட்டிய புகழ்வேந்தனை, ஜெயசீலன் கடைத்தெருவில் வைத்து அறைந்திருந்தான். பெரியவர்கள் பேசிக் கைகுலுக்க வைத்தார்கள். முடிந்துபோன விஷயம் என்றார்கள்.

"இன்னா முடிஞ்சிபோச்சி? அவன் கண்ணப் பாத்தியா நீ?" என்றான் ஜெயசீலன்.

"ஒரே ஒரு ஷோண்ணா. எனக்காக."

அவன் ஒத்துக்கொண்டான். தங்கை கேட்டு அவன் எதை மறுத்தான்?

தடிகளை அவளே செய்தாள். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற ஸ்பாஞ்சு, மேலே சாக்குத்துணி, அதன்மேல் பழுப்புப் பெயின்ட். அடித்தால் எறும்புகூடச் சாகாது. சத்தத்துக்குப் பறை வைத்தாள். பயிற்சி தந்த லில்லி மேடம் ஒத்திகையில் அவள் கையில் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தார். "எதாவது தப்பாப் போனா இதத் தூக்கு. ஆட்டம் நிக்கணும். அது வரைக்கும் நடிகர் யாரும் வேஷத்த விடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைத் திடலில் இரண்டு தெருவும் கூடிவிட்டது. முன்வரிசையில் லில்லி மேடம், பக்கத்தில் நிதி கொடுத்தவர்கள்.

புகழ்வேந்தன் ஓங்கி அடித்தான். பறை முழங்குமுன்பே 'மடேர்' என்று வேறொரு சத்தம் கேட்டது. ஜெயசீலனின் இடது தோள் தொங்கிப்போனது. படுபாவி, தையலைப் பிரித்து உள்ளே சவுக்குக்கட்டையைச் சொருகியிருக்கிறான். ஜெயசீலன் திரும்பி, மேடையோரம் நின்ற தங்கையைப் பார்த்தான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தைத்தவளுக்குத் தெரியாதா? துண்டை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து லில்லி மேடம் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவர் மெச்சித் தலையாட்டினார். துண்டு இடுப்போடு நின்றது. இன்னும் இரண்டே அடி, மூன்றாவதில் அண்ணன் விழுவான், காட்சி முடிந்துவிடும்.

இரண்டாவது அடி விலாவில் இறங்கியது. கூட்டம் விசிலடித்தது. மூன்றாவது முகத்தில். இடது கண் இருந்த இடம் ரத்தமாகிவிட்டது. எழுதிக்கொடுத்தபடியே ஜெயசீலன் விழுந்தான்.

அப்போதுதான் அவள் துண்டைத் தூக்கினாள். புகழ்வேந்தன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"அன்னிக்கி அறைஞ்ச கை எதுடா? இதானே?"

வலது கையைக் காலால் மிதித்துக்கொண்டு, விரல்கள்மேல் அடித்தான். மறுபடியும் அடித்தான். விஜயராணி ஓடிப்போய் அண்ணன்மேல் விழுந்தாள். அடுத்த அடியில் அவள் மணிக்கட்டு முறிந்தது. அதற்கும் கூட்டம் கைதட்டியது. பறைக்காரர்தான் முதலில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினார். அப்புறம் நாற்காலிகள் பறந்தன, புகழ்வேந்தனின் மண்டை பிளந்தது, போலீஸ் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த லில்லி மேடம் அவள் தலையைத் தடவினார். "உயிரக் குடுத்து நடிகரக் காப்பாத்துனவ நீ. வேலை ஒனக்குத்தான்."

அவர் போனபிறகு விஜயராணி அண்ணன் கட்டிலுக்குப் போனாள். கண் போய்விட்டது. விரல்களில் இரண்டை எடுத்துவிட்டார்கள்.

"துண்டு ஏறட்டும்னுதான் அடிய வாங்கிட்டு நின்னேன் ராணி," என்றான். "மொத அடியிலயே ஒனக்குத் தெரிஞ்சிடுச்சி இல்ல?"

பொய் சொல்ல வாய்வரை வந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சிதுண்ணா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.